பாலைவனப் பரணில் போர் விமானங்கள்: தெரியுமா?

வெட்டவெளியில் 41 ஆண்டுகள் அசையாமல் நின்ற ஒரு விமானம், மறுபடியும் ஓடுபாதையில் ஓடி வானம் ஏறியது தெரியுமா? அணுகுண்டுச் சோதனைகள் நடந்தால் மேல்வானத்துக்குப் போய்க் காற்றைப் பிடித்துவர அமெரிக்க விமானப்படை வைத்திருந்த டபிள்யூ.பி.-57 ரக விமானம் அது. 1972ல் அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2013 ஆகஸ்டில் அதே விமானம் நாசாவுக்காகப் பறந்தது! அது நின்ற ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு அப்போது 41 வயது.

அந்தப் பாலைவன இடத்துக்கு டூசான் நகரத்து டேவிஸ்-மான்தன் விமானத்தளம் என்று பெயர். அமெரிக்கர்கள் செல்லமாக 'எலும்புக்கூடுகளின் முற்றம்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. நம் வீடுகளில் பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, துணி சுற்றிப் பரணில் ஏற்றுவார்களே, அடுத்த கல்யாணத்துக்கு இறக்க! அந்த மாதிரி ஒரு பரண் அது. பரப்பு 2,600 ஏக்கர். 1970களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 6,000 விமானங்கள் நின்றன. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் விமானப்படை முழுவதையும் எண்ணினாலும் அந்த எண்ணிக்கை வராது!

ஏன் டூசான்? இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், 1946ல், பி-29 குண்டுவீச்சு விமானங்களையும் சி-47 சரக்கு விமானங்களையும் நிறுத்த இடம் தேடினார்கள். டூசானில் வருடம் முழுக்கப் பெய்கிற மழை சுமார் 30 சென்டிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்கு. காற்றில் ஈரமே இல்லை. ஈரம் இல்லாவிட்டால் துரு இல்லை. அதைவிட ஆச்சரியம் அங்கே இருக்கிற மண். நம் ஊர்ப்பக்கம் சுக்கான் மண் என்போமே, சுண்ணாம்பு கலந்து இறுகிப்போன தரை, அந்த ரகம். சிமென்ட் தளமே போடாமல், பல டன் எடையுள்ள குண்டுவீச்சு விமானத்தை வெறும் தரையில் நிறுத்தலாம். சக்கரம் புதையாது! இயற்கையே போட்டுக் கொடுத்த தரை.

நாகசாகி மீது அணுகுண்டு போட்ட பாக்ஸ்கார் விமானம் இந்தத் தரையில்தான் 1961 வரை நின்றது. பிறகு ஒஹையோவில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குத் தானே பறந்து போனது. ஹிரோஷிமா மீது குண்டு போட்ட எனோலா கேயும் சில காலம் இங்கேதான் இருந்தது. உலகத்தையே உலுக்கிய இரண்டு விமானங்களும் ஒரே மண்ணில் நின்றிருக்கின்றன. நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

சரி, வந்த விமானத்தை என்ன செய்கிறார்கள் தெரியுமா? சும்மா நிறுத்திவிட்டுப் போவதில்லை. முதலில் குளியல்! கடலோரத் தளங்களில் இருந்து வரும் விமானத்தின் மேல் உப்பு படிந்திருக்கும். அதை ஒரு துளி விடாமல் கழுவ வேண்டும். அப்புறம் துப்பாக்கிகளையும், விமானியின் இருக்கையை வெளியே தூக்கி எறிகிற வெடிமருந்தையும், ரகசியக் கருவிகளையும் கழற்றுவார்கள். எரிபொருளை வடித்துவிட்டு, தையல் மெஷினுக்கு விடுகிற மாதிரி மெல்லிய எண்ணெயை அதே குழாய்களில் ஓடவிட்டு, அதையும் வடிப்பார்கள். உள்ளே எண்ணெய்ப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நல்லெண்ணெய் மேலே நின்றால் ஊறுகாய் கெடாது என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தக் கணக்குதான்!

அடுத்தது வெள்ளைப் பூச்சு. கண்ணாடி, எஞ்சின் வாய், இடுக்கு எல்லாவற்றையும் ஒட்டி மூடிவிட்டு, முதலில் கறுப்பாக ஒரு பூச்சு, அதன் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு. பூசாவிட்டால் பாலைவன வெயிலில் விமானத்தின் உள்ளே தண்ணீர் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடேறி, ரப்பரும் வயரும் வெந்துபோகும். பூசினால் வெளியே இருக்கிற வெப்பத்தைவிடக் கொஞ்சம்தான் கூடும். அடிவயிற்றுப் பக்கம் மட்டும் மூடமாட்டார்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழி வேண்டுமே! இத்தனையும் செய்த பிறகும் மாதக்கணக்கு வைத்துச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். பூச்சும் நிரந்தரம் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் செய்கிறார்கள்.

இந்தப் பராமரிப்புக்குப் பலன் உண்டா? 'கோஸ்ட் ரைடர்' என்று பெயர் சூட்டப்பட்ட பி-52 குண்டுவீச்சு விமானத்தைக் கேளுங்கள். 2008ல் வந்து நின்றது. 2015 பிப்ரவரியில் அங்கிருந்து பறந்து போனது; பிறகு படையில் சேர்ந்தது. விபத்தில் தீப்பிடித்த இன்னொரு பி-52க்குப் பதிலாக அழைக்கப்பட்டது அது. 2019ல் 'வைஸ் கை' என்ற இன்னொன்றும் அப்படியே எழுந்து போனது. அதை நிறுத்திய நாளில் விமானி அறைக்குள் யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்களாம்: மறுபடி தேவைப்படும் வரை இவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். பெண்ணை மாமியார் வீட்டில் விட்டுவருகிற தாய் மாதிரி எழுதியிருக்கிறார் பாருங்கள்! இந்த ரக விமானம் கடைசியாகத் தயாரான ஆண்டு 1962. புது எஞ்சின் பொருத்தி 2050கள் வரை ஓட்டத் திட்டம் வைத்திருக்கிறார்கள். தாத்தா ஓட்டிய அதே ரக விமானத்தைப் பேரன் ஓட்டுகிற குடும்பங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

அதே பி-52 ரகத்துக்கு இதே இடத்தில் நேர்ந்த வேறு முடிவும் உண்டு. 1991ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் போட்டன. 365 பி-52 விமானங்களை ஒழிக்க வேண்டும். ஒழித்ததை ரஷ்யா எப்படி நம்பும்? சுமார் 5,900 கிலோ எடையுள்ள எஃகுக் கத்தியைக் கிரேனில் தூக்கி, விமானத்தின் மேல் விழவிட்டார்கள். இறக்கை தனி, வால் தனி, உடல் துண்டு துண்டு. வெட்டிய துண்டுகளை அப்புறப்படுத்தாமல் 90 நாள் அதே இடத்தில் போட்டுவைத்தார்கள். எதற்கு? விண்வெளியில் இருந்து ரஷ்யச் செயற்கைக்கோள் படம் எடுத்து எண்ணிக்கொள்ள! இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே நம்பிக்கையை உண்டாக்க, வானத்தைப் பார்த்தபடி கிடந்த அந்தத் துண்டுகள்தான் சாட்சி.

ஒரு தனி மனிதர் 475 போர் விமானங்களை விலைக்கு வாங்கிய கதை தெரியுமா? பால் மான்ட்ஸ் என்பவர் ஹாலிவுட் படங்களுக்கு விமானம் ஓட்டுகிற சாகச விமானி. 1946ல் ஓக்லஹோமாவில் உபரி விமானங்களை மொத்தமாக விற்றார்கள். 55,000 டாலர் கொடுத்து 475ஐயும் வாங்கினார். உலகத்தின் பெரிய விமானப்படைகளின் வரிசையில் ஒற்றை ஆளாகப் போய் நின்றுவிட்டார்! அதிலும் பெரிய வேடிக்கை, அந்த விமானங்களின் தொட்டிகளில் மிச்சமிருந்த பெட்ரோலே ஏறக்குறைய போட்ட பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது. சினிமாவுக்காக ஒரு டஜன் போல வைத்துக்கொண்டு, மற்றதைப் பழைய இரும்புக் கணக்கில் தள்ளிவிட்டார்.

அருங்காட்சியகத்தில் நின்ற விமானத்தின் மூக்கைக் கழற்றிப் போருக்கு எடுத்துப்போனது தெரியுமா? 1982. ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய நேரம். பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானங்கள் அந்த ஆண்டே ஓய்வுபெற இருந்தவை. அசென்ஷன் தீவில் இருந்து சுமார் 6,300 கிலோமீட்டர் போய்க் குண்டு போட வேண்டும். நடுவானில் எரிபொருள் நிரப்பாமல் நடக்காது. ஆனால் அந்த வசதியைக் கைவிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. எரிபொருள் வாங்கும் மூக்குக்குழாய் எங்கே கிடைக்கும்? அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம் அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்திருந்த பழைய வல்கன்களில் இருந்தது! ஆள் அனுப்பிக் கழற்றிவந்தார்கள். மே 1ஆம் தேதி விடியுமுன், மார்ட்டின் விதர்ஸ் ஓட்டிய ஒற்றை வல்கன் 21 குண்டுகளைப் போட்டது. ஒன்று ஓடுபாதையின் நடுவில் விழுந்தது. அந்த ஒரு வல்கனைக் கொண்டுபோய்ச் சேர்க்க 11 எரிபொருள் விமானங்கள் கிளம்பின!

ஓய்வுபெற்ற பிறகும் திருட்டுத்தனமாகப் பறந்த விமானம் ஒன்று உண்டு. ராடாரின் கண்ணில் மண்ணைத் தூவிய கறுப்பு எஃப்-117 விமானத்துக்கு 2008லேயே பிரிவு உபசாரம் நடத்திவிட்டார்கள். நெவாடா பாலைவனத்தில் டோனோபா என்ற இடத்தில், இறக்கையைக் கழற்றிக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டியதாகச் சொன்னார்கள். அப்புறமும் வருடாவருடம் யாராவது ஒருவர் அதை வானத்தில் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்!

நீங்கள் டிக்கெட் எடுத்து ஏறுகிற பயணிகள் விமானமும் ராணுவத்தின் இருப்புக் கணக்கில் இருக்கலாம், தெரியுமா? அமெரிக்காவில் 1951ல் இருந்தே அந்த ஏற்பாடு. தனியார் விமான நிறுவனங்கள் தங்கள் விமானங்களில் சிலவற்றைப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கும். நெருக்கடி வந்தால் ராணுவம் அழைக்கும். இதுவரை மூன்றே முறைதான் அழைத்திருக்கிறார்கள்: 1990ல் வளைகுடாப் போர், 2003ல் இராக், 2021 ஆகஸ்டில் காபூலில் இருந்து மக்களை வெளியேற்றிய நாட்கள். கடைசி முறை 18 விமானங்கள்.

இனி தரைக்கு வருவோம். டாங்கியை வைத்துக் காப்பது விமானத்தைவிடச் சுலபம் என்று நினைக்கிறீர்களா? இரும்பு நிற்கும், மற்றதெல்லாம் போகும்! பாட்டரி செத்துவிடும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்து எண்ணெய் ஒழுகும். குறிபார்க்கும் கண்ணாடியில் பூஞ்சை படரும். வயரை எலி கடிக்கும். ஆகவே நார்வேயில் மலையையே குடைந்துவிட்டார்கள்! ட்ரான்டலாக் பகுதியில், ஈரத்தை எந்நேரமும் உறிஞ்சுகிற குகைகளுக்குள் அமெரிக்க மரைன் படையின் தளவாடங்கள் காத்திருக்கின்றன. 1981ல் போட்ட ஒப்பந்தம். இதே யோசனையில் ஜெர்மனியிலும் கவச வாகனங்களைக் கொட்டகைகளில் நிறைத்து வைத்தார்கள். வீரர்கள் அமெரிக்காவில் இருந்து வெறுங்கையோடு பறந்துவந்து, கொட்டகையைத் திறந்து, டாங்கியில் ஏறி ஓட்டிப்போக வேண்டும். 1969 முதல் 1993 வரை இதை ஒத்திகையாகவே நடத்தினார்கள்.

கலிபோர்னியாவின் சியரா ராணுவக் கிடங்கில் ஏப்ரம்ஸ் டாங்கிகள் வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கில் வெயில் காய்கின்றன. டூசானின் காற்று மாதிரியே உலர்ந்த காற்று அங்கேயும். ரஷ்யாவின் கதை வேறு. பனியும் சேறும் மாறிமாறி வருகிற திறந்தவெளிகளில் சோவியத் காலத்து டாங்கிகளை நிறுத்திவைத்திருந்தது. உக்ரைன் போரில் 2022ல் டி-62 வெளியே வந்தது. 2023 மார்ச்சில் டி-54, டி-55 ரகங்கள் ரயிலேறி வருகிற படங்கள் வெளியாயின. டி-54 பிறந்தது 1940களில்! அவற்றுக்குள் ஏறிய பையன்களின் அப்பாக்களே அப்போது பிறந்திருக்கமாட்டார்கள்.

சிலை திரும்ப உயிர்பெற்ற சம்பவம்கூட நடந்தது. 2014 ஜூனில், கிழக்கு உக்ரைனின் கோஸ்தியந்தினிவ்கா நகரத்தில் நினைவுச்சின்னமாகப் பீடத்தில் நின்ற ஐ.எஸ்.-3 டாங்கியைக் கிளர்ச்சிக்காரர்கள் கிளப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். 1945ல் பெர்லின் வெற்றி அணிவகுப்பில் உலகம் முதன்முதலாகப் பார்த்த ரகம்! 2019 ஜனவரியில் லாவோஸ் நாடு தன் படையில் இருந்த 30 டி-34 டாங்கிகளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பியது. ஹிட்லரை வென்ற அந்த ரகம் அணிவகுப்புகளிலும் படப்பிடிப்புகளிலும் ஓட வேண்டும் என்று ரஷ்யா ஆசையோடு வாங்கிக்கொண்டது.

ஒரு போர் விமானத்தின் விலை ஒரே ஒரு யூரோ, தெரியுமா? சோவியத் யூனியனில் செய்த மிக்-29 விமானங்கள் கிழக்கு ஜெர்மனிக்குப் போயின. 1990ல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்ததும் ஒன்றுபட்ட ஜெர்மனியின் சொத்தாயின. பிறகு 22 விமானங்களைத் தலா ஒரு யூரோவுக்குப் போலந்து வாங்கியது. 2023ல், எஞ்சியிருந்த சிலவற்றை ஜெர்மனியின் சம்மதம் பெற்று உக்ரைனுக்குக் கொடுத்தது போலந்து. ஒரே விமானம், ஐந்து கொடிகள்! வட மாசிடோனியாவின் நான்கு சுகோய்-25 விமானங்கள் இன்னும் விசேஷம். 2001ல் உக்ரைனிடம் வாங்கியவை, 2022ல் உக்ரைனுக்கே திரும்பிப்போயின.

ஓய்வுபெற்ற டாங்கிக்கு மீன்கள் குடிவந்ததும் உண்டு. ஜோர்டானின் அகாபா கடலடியில் 2019 ஜூலையில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். டாங்கி, ஹெலிகாப்டர் என்று 19 தளவாடங்கள் போர் வியூகமாகவே கடலுக்கு அடியில் நிற்கின்றன. முக்குளித்துப் பார்க்கலாம்.

நம் ஆவடிக்கும் இதில் பங்கு உண்டு. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965ல் வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கிகள் வயதான பிறகும் வீணாகவில்லை. அதே அடிப்பாகத்தில் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி 'கேட்டபல்ட்' என்ற நகரும் பீரங்கியாக மாற்றினார்கள். நம் விமானப்படையின் ஜாகுவார் விமானங்களும் மற்ற நாடுகளின் பரண்களால்தான் ஆயுள் நீட்டிக்கொள்கின்றன. உலகத்தில் இன்று ஜாகுவார் ஓட்டுவது இந்தியா மட்டுமே. உதிரிபாகத்துக்கு பிரான்சும் ஓமனும் ஓய்வு கொடுத்த பழைய ஜாகுவார்களைக் கொண்டுவந்து பிரிக்கிறோம்.

இப்போது, இத்தனையிலும் எனக்கு மிகவும் பிடித்த கதை. கான்பூர் தெரியுமா?

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் இந்தியாவில் பிரிட்டிஷ் விமானப்படையிடம் லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் ஏராளமாக இருந்தன. அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை. போருக்குப் பிறகு வேறு யாரும் அவற்றை ஓட்டக் கூடாது என்பது ஏற்பாடு. கான்பூர் சக்கேரித் தளத்தில் கொண்டுவந்து குவித்தார்கள். சம்மட்டியால் கருவிகளை அடித்து நொறுக்கினார்கள். ஓடுகிற எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள். புல்டோசர் வைத்து இடித்தார்கள். இனி இவை எழவே எழாது என்று திருப்தியாகக் கிளம்பிப் போனார்கள்.

சுதந்திரம் வந்தது. காஷ்மீரில் சண்டை. இந்தியாவிடம் ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானம்கூடக் கிடையாது. வாங்கப் பணமும் இல்லை. கான்பூர்க் குவியலைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டதற்கு, வெளிநாட்டு நிபுணர்கள் கையை விரித்தார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்து மெக்கானிக்குகள் போய்ப் பார்த்தார்கள். இதில் நல்ல இறக்கை, அதில் நல்ல சக்கரம், இன்னொன்றில் மணல் போகாத எஞ்சின் என்று பொறுக்கினார்கள். பல உடைசல்களைக் கலந்து ஒரு விமானமாக நிமிர்த்தினார்கள்! கான்பூரில் செய்தது பறக்கிற அளவுக்கு ஒட்டுவேலை மட்டும். முழு வேலைக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெங்களூருக்குப் போக வேண்டும். யார் ஓட்டுவது? நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி முன்வந்தார். அதற்கு முன் லிபரேட்டரை அவர் ஓட்டியதே இல்லை! கையேட்டைப் படித்துக்கொண்டு, ஒட்டுப்போட்ட விமானத்தில் ஏறி, பெங்களூர் வந்து இறக்கினார். திரும்பிப் போனார். இன்னொன்றை எடுத்துவந்தார். மொத்தம் 42 விமானங்கள் பெங்களூரில் மறுபிறவி எடுத்தன. 1948 நவம்பரில் விமானப்படையின் 5ஆவது ஸ்குவாட்ரன் அவற்றை ஏற்றுப் பறந்தது. இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சு அணி அதுதான்.

எத்தனை வருடம் பறந்தன தெரியுமா? இருபது! 1968 வரை. அதற்குள் உலகத்தில் மற்ற எல்லா விமானப்படைகளும் லிபரேட்டரை விட்டுவிட்டன. 18,000க்கும் மேல் செய்த விமானம் அது. அமெரிக்காவில் பெரும்பாலானவற்றை வெட்டி உருக்கிவிட்டதால், காட்சிக்கு வைக்கக்கூட நல்ல உடல் கிடைப்பது அரிதாகிவிட்டது. அந்த நேரத்தில் கேட்ட நாடுகளுக்கு இந்தியா கொடுத்தது. லண்டன் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர் இந்தியா கொடுத்தது. கனடாவில் நிற்பதும் அப்படியே.

அமெரிக்காவுக்கும் ஒன்று 1969ல் இந்தியாவில் இருந்து பறந்தே போய்ச் சேர்ந்தது. நாம் முதலில் பார்த்த அதே டூசான் நகரத்தில், பாலைவனப் பரணுக்கு வெகு அருகே, பீமா விமான அருங்காட்சியகத்தில் அது இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிற வாய்ப்பு அமைந்தால் ஒரு நிமிடம் அதன் அருகே நின்று பாருங்கள். கான்பூர்க் குவியலில் இருந்து எடுத்து, பெங்களூர் மெக்கானிக்குகள் எழுப்பி நிறுத்திய விமானம் அது.